குழு உளசிகிச்சையில் நார்சிசம்: ஆள் தேர்விலிருந்து விடைபெறும் நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாரம் ஒருமுறை கூடும் வெளிநோயாளர் குழுவை நடத்துகிற உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள், மனநல சமூகப் பணியாளர்களுக்காக எழுதப்பட்டது இது. நார்சிசம் என்று இங்கே சொல்வது, தன்னைப் பெரிதாக எண்ணி, பிறர் பாராட்டுக்கு ஏங்கி, சிறு குறையிலும் ஆழமாகப் புண்படும் ஆளுமைப் போக்கை. கணவருக்கோ மேலதிகாரிக்கோ ‘நார்சிஸ்ட்’ என்று பட்டம் கட்ட வழி தேடுபவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது.

நார்சிசம் உள்ள ஒருவர் தனிச் சிகிச்சைக்கு வந்தால், அவர் சொல்வதை மட்டும்தான் நாம் கேட்க முடியும். மனைவிக்கு நன்றியில்லை, ஆபீசில் எல்லோரும் அரைகுறை, போன டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. மறுபக்கத்தைச் சொல்ல அந்த அறையில் ஆள் கிடையாது. குழுவில் அப்படியில்லை. சில வாரங்களிலேயே வீட்டில் செய்வதை இங்கும் செய்ய ஆரம்பித்துவிடுவார்; அதனால் அடிபட்டவர் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். குழு என்பது ஒவ்வொருவரின் வெளியுலகமும் சிறிய அளவில் உருவாகும் இடம் என்று குழுச் சிகிச்சை பற்றி எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம் சொன்னதன் நடைமுறைப் பொருள் இதுதான். ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. ஒருவர் முன்னால் பட்ட அவமானத்தை எப்படியோ விழுங்கிவிடலாம். ஏழு பேர் முன்னால் பட்டால் அடுத்த வாரம் நாற்காலி காலியாக இருக்கும். ஆகவே இங்கே சிகிச்சையாளரின் முதல் வேலை, ஒரு அமர்வில் ஒருவர் எவ்வளவு அவமானத்தைத் தாங்குவார் என்று பார்த்து அளவோடு நடத்துவது. மற்ற நுணுக்கமெல்லாம் அதற்குப் பிறகு.

எதற்குச் சிகிச்சை தருகிறோம்?

உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ஸ் கோஹட் 1968இல் பயன்படுத்திய ‘நார்சிசிச ஆளுமைக் கோளாறு’ என்ற பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-இன் மூன்றாம் பதிப்பில் (டிஎஸ்எம்-3) ஏறியது. டிஎஸ்எம்-5 ஒன்பது அடையாளங்களைத் தந்து, ஐந்தாவது இருக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இந்தத் தனிப்பெயரையே கைவிட்டு, ஆளுமைக் கோளாறின் தீவிரத்தையும் குணக்கூறுகளையும் பார்க்கச் சொல்கிறது. குழு நடத்துபவருக்கு இந்தப் பட்டியல்களைவிட 1989இல் மனநல மருத்துவர் கிளென் கேபர்ட் பிரித்துக் காட்டிய இரண்டு வகை அதிகம் பயன்படும். ஒருவர், தன் பேச்சு மற்றவர்களை என்ன செய்கிறது என்றே கவனிக்காதவர். இன்னொருவர், யார் முகத்தில் என்ன சுளிப்பு என்று ஓயாமல் அளந்துகொண்டு, ஒதுங்கி, புண்பட்டுக்கொண்டே இருப்பவர். முதலாமவரை எல்லோரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். இரண்டாமவர் ‘கூச்ச சுபாவம்’, ‘சோஷியல் ஆங்சைட்டி’ என்ற பெயரில் குழுவுக்குள் வந்து ஒரு வருடம்கூட ஓட்டிவிடலாம். ஒரே ஆளிடம் இரண்டும் மாறிமாறி வருவதும் சகஜம்.

கோஹட்டா, இன்னொரு உளப்பகுப்பாய்வாளரான ஆட்டோ கெர்ன்பெர்கா என்ற பழைய சண்டை இன்னும் ஓயவில்லை. சிறுவயதில் கிடைக்காமல் போன அங்கீகாரம் என்கிறார் கோஹட். பொறாமையையும் ஆத்திரத்தையும் மூடிவைக்கும் அரண் என்கிறார் கெர்ன்பெர்க். குழு அறைக்குள் இது எதை முதலில் செய்வது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. முதல் ஆறு மாதம் கோஹட் வழியில் போய் ஆளை இருக்கவையுங்கள். இருப்பது உறுதியானபின் கெர்ன்பெர்க் சொல்லும் பொறாமையைத் தொடுங்கள். வரிசையை மாற்றியவர்கள் சரியான விளக்கத்தைச் சொல்லியும் ஆளை இழந்திருக்கிறார்கள்.

படி 1: மதிப்பீடு

குழுவில் சேர்க்குமுன் இரண்டு முதல் நான்கு தனி அமர்வுகள் வேண்டும். ‘எனக்கு நார்சிசம்’ என்று சொல்லிக்கொண்டு அநேகமாக யாரும் வருவதில்லை. விவாகரத்து, பதவி பறிபோனது, ஓய்வுபெற்றது, பிள்ளை பேசாமல் போனது இப்படி ஏதோ ஓர் இழப்புக்குப் பிறகு மனச்சோர்வு, தூக்கமின்மை என்றுதான் வருவார்கள். 34,653 பெரியவர்களைப் பேட்டி கண்டு 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வாழ்நாள் கணக்காக 6.2 சதவீதம் பேரிடம் (ஆண்களில் 7.7, பெண்களில் 4.8) இந்தக் கோளாறு தெரிந்தது. பேட்டி முறையை மாற்றினால் எண்ணும் மாறும் என்றாலும், நீங்கள் தேடிச் சேர்க்காவிட்டாலும் உங்கள் குழுவில் ஒருவர் இருக்க வாய்ப்பிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியவை: கடைசியாக முறிந்த மூன்று உறவுகளை யார் முறித்தார்கள், எப்படி? இதற்குமுன் எத்தனை சிகிச்சையாளர்கள், ஏன் நின்றது? ஒருவரிடம் மன்னிப்புக் கேட்ட கடைசிச் சந்தர்ப்பம் எது? பதிலின் உள்ளடக்கத்தைவிட, கேள்வியே அவரைக் குத்துகிறதா என்று கவனியுங்கள். 52 கேள்விகள் கொண்ட நோய்சார் நார்சிச வினாத்தாள், பகட்டு, புண்படுதல் என இரண்டு பக்கத்தையும் அளக்கும். வெறும் பகட்டை மட்டும் அளக்கும் வினாத்தாள்களைவிடச் சிகிச்சைக்கு இது உதவும்.

யாரைச் சேர்க்கக்கூடாது? பிறரை ஏமாற்றுவதிலும் வதைப்பதிலும் கூச்சமில்லாதவர், கெர்ன்பெர்க் ‘வீரியம் மிக்க நார்சிசம்’ என்று வகைப்படுத்தியவர், குழுவுக்கு ஏற்றவரல்ல. மற்ற உறுப்பினர்களின் பாதுகாப்பு முதலில். குடியோ போதைப்பொருளோ கட்டுக்குள் வராதவருக்கு அந்தச் சிகிச்சை முந்த வேண்டும். தற்கொலை நெருக்கடியில் இருப்பவரும் அப்படியே. ‘நானே பெரியவன்’ பேச்சு சில வாரங்களாகத்தான் என்றால், தூக்கம் குறைந்தும் களைப்பில்லை என்றால், அது பைபோலார் கோளாறின் எழுச்சியாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் மேலே போகாதீர்கள். மனைவி துரத்தியதற்காக மட்டும் வருபவரிடம், அவருக்கென்று ஒரு வலி கண்ணில் படும்வரை தனி அமர்வுகளை நீட்டுங்கள்.

படி 2: குழுவை அமைப்பது

ஏழு அல்லது எட்டுப் பேர், வாரம் ஒருமுறை, 90 நிமிடம், வட்டமாக ஒரே மாதிரி நாற்காலிகள். சிகிச்சையாளருக்கு மட்டும் சுழல் நாற்காலி போட்டால் முதல் வாரமே அந்த நாற்காலியைப் பற்றிய போட்டி தொடங்கிவிடும். குறைந்தது ஒரு வருடமாவது நடக்கக்கூடிய, ஒருவர் போனால் ஒருவர் சேரும் குழு நல்லது. பன்னிரண்டு வாரக் குழுவில் நார்சிசத்தைத் தொட்டுவிட்டு மூடுவது, தைக்க நேரமில்லாமல் அறுவைசிகிச்சை தொடங்குவது மாதிரி.

அட்டகாசமாகப் பேசுபவர் குழுவுக்கு ஒருவர் போதும். இரண்டு பேர் இருந்தால் ஒன்று இருவரும் மோதிக்கொண்டு மற்ற ஆறு பேரும் பார்வையாளர்கள் ஆவார்கள், அல்லது இருவரும் கூட்டணி போட்டு குழுவையே ஏளனம் செய்வார்கள். ஒதுங்கிப் புண்படும் வகையினர் ஒருவர், அதிகபட்சம் இருவர் கூடவே இருக்கலாம். படிப்பிலோ வயதிலோ அனுபவத்திலோ அவருக்கு ஈடானவர்கள் இரண்டு பேராவது வேண்டும். அவர்கள் சொன்னால்தான் காதில் ஏறும். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவே முடியாதவர்களால் குழுவை நிரப்பினால், சிகிச்சைக்குழு ரசிகர் மன்றமாகிவிடும்.

இரண்டு சிகிச்சையாளர்கள் இருப்பது இங்கே ஆடம்பரம் கிடையாது. நார்சிசம் உள்ள உறுப்பினர் இருவரில் ஒரு சிகிச்சையாளரை வானளாவப் புகழ்ந்து மற்றவரை மட்டம்தட்டுவார். மட்டம்தட்டப்படுபவர் பெரும்பாலும் இளையவர் அல்லது பெண். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் இருவரும் 20 நிமிடம் உட்கார்ந்து, ‘இன்று அவர் என்னை என்னவாக உணரவைத்தார்?’ என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். இந்த 20 நிமிடத்தைத் தவிர்க்கும் இணைகள் பிளவுபடுவது உறுதி.

தமிழில் நடக்கும் குழு என்றால் விளிப்பை முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். ஒருவர் ‘சார்’, இன்னொருவர் ‘தம்பி’, மூன்றாமவர் ‘வாம்மா’ என்றால் அறைக்குள் அந்தஸ்துப் படிக்கட்டு கட்டியாயிற்று. எல்லோருக்கும் பெயர், எல்லோருக்கும் ‘நீங்க’. மூத்தவரைப் பெயர் சொல்ல நாக்கு கூசுபவர்கள் பெயரோடு ‘அண்ணா’, ‘அக்கா’ சேர்க்கட்டும். பதவிப்பெயர் மட்டும் வேண்டாம். ஜூமில் நடத்தினால் அவரவர் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் 90 நிமிடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

படி 3: தயார்ப்படுத்துதலும் ஒப்பந்தமும்

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: குறைந்தது 12 அமர்வுகள் வந்தபிறகே தொடர்வதா என்று யோசிப்பது, விலக நினைத்தால் அதைக் குழுவில் சொல்லி அதன்பின் மூன்று வாரமாவது வருவது, வராத நாளுக்கும் கட்டணம், இரகசியம் காப்பது, வெளியே சந்தித்தால் குழுவில் வந்து சொல்வது. சலுகை கேட்கும் கோரிக்கை நிச்சயம் வரும். ‘எனக்கு மட்டும் ஆறரைக்கு வரலாமா?’, ‘மாதத்துக்கு ஒருதடவை தனியாப் பேசலாமா?’ என்பார். விதி எல்லோருக்கும் ஒன்று என்று கனிவாகச் சொல்லி, ‘காத்திருக்கிறதும், எட்டுப் பேரில் ஒருத்தரா இருக்கிறதும் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், அதையும் அங்கே பேசலாம்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பலன் தருவது முன்கூட்டியே சொல்லிவைப்பது: “ரெண்டு மாசத்துக்குள்ள ஒருநாள், ‘இவங்ககிட்ட நான் என்ன கத்துக்கப்போறேன்’னு தோணும். இல்லைன்னா யாரோ சொன்னது சுருக்குனு தைக்கும், இனிமே வரக்கூடாதுன்னு இருக்கும். அந்த வாரம்தான் வரணும். வந்து அதையே சொல்லுங்க.” அந்த நாள் வரும்போது, கிளம்பிப்போகும் ஆத்திரத்துக்கு நடுவிலும் இந்த வாக்கியம் ஞாபகம் வருகிறது. வராதவர்களும் உண்டு.

படி 4: முதல் எட்டு வாரங்கள்

தொடக்கத்தில் குழுவுக்கு அவரைப் பிடித்துப்போகும். மௌனத்தை நிரப்புகிறார், வேடிக்கையாகப் பேசுகிறார், எல்லோருக்கும் ஆலோசனை தருகிறார். இந்தத் தேனிலவில் சிகிச்சையாளரும் இளைப்பாறிவிடுவது பெரும் தவறு. ஐந்தாவது வாரம் குழு திடீரென்று சலித்துக்கொள்ளும்போது, அதுவரை புகழப்பட்டவருக்கு அது துரோகமாகத் தெரியும். ஆகையால் இரண்டாவது, மூன்றாவது அமர்விலேயே, விஷயம் சிறிதாக இருக்கும்போதே, இடைமறிக்கப் பழக்குங்கள்.

எப்படி என்பதற்கு ஒரு காட்சி (ஆட்களும் பெயர்களும் கற்பனை). நித்யா தன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறார்: “மறுபடி கீமோ ஆரம்பிச்சிருக்கு. ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்ல.” ராகவன் குறுக்கே வருகிறார்: “எந்த ஆஸ்பத்திரி? அங்கெல்லாம் போகவே கூடாதுங்க. டைரக்டர் என் கிளாஸ்மேட், ஒரு போன் போட்டா…”

பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு கண்டிப்பது எளிது; பயனில்லை. “நீங்க நித்யாவைப் பேச விடல” என்பது உண்மைதான், ஆனால் வெறும் குற்றச்சாட்டாகவே போய்ச் சேரும். இரண்டாவது நிமிடத்திலேயே கையை லேசாக உயர்த்துங்கள்: “ராகவன், ஒரு நிமிஷம். நித்யா சொன்னதைக் கேட்டதும் உங்களுக்குள்ள ஏதோ ஆச்சு, உடனே ஏதாவது செய்யணும்னு தோணிருக்கு. அது என்ன?”

“சும்மா கேட்டுட்டு உட்கார முடியாதுங்க.”

இதுதான் நமக்குத் தேவைப்பட்டது. பகட்டுக்குக் கீழே இருக்கும் கையாலாகாத தவிப்பு ஒரு நொடி வெளியே வந்திருக்கிறது. அதைப் பெரிதுபடுத்தாமல் “ஆமா, கஷ்டம்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு நித்யாவிடம் திரும்புங்கள்: “அவர் போன் போடறேன்னு சொன்னப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?”

“உதவணும்னுதான் சொல்றார்னு தெரியுது. ஆனா நான் காணாமப்போயிட்ட மாதிரி இருந்தது.”

“அப்ப உதவி பண்ணதே தப்பா?” என்று ராகவன் குரலை உயர்த்துவார். இங்கே விளக்கம் கொடுக்காதீர்கள். “உதவ வந்ததுக்கு இப்படி ஒரு பதில்னா சுருக்குனுதான் இருக்கும்” என்று காயத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் “எனக்கும் அப்படித்தான் தோணுச்சு” என்று தொடங்கினால், “அதை அடுத்த வாரம் வெச்சுக்கலாம்” என்று நிறுத்திவிட்டு நித்யாவின் அம்மாவுக்குத் திரும்புங்கள். அன்றைய மருந்து அவ்வளவுதான். அடுத்த அமர்வின் முதல் 15 நிமிடத்துக்குள் “போன வாரம் பேசினது வீட்டுக்குப் போனபிறகு எப்படி இருந்தது?” என்று நீங்களே கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் ஒன்று நடக்காததுபோல மூடப்படும், அல்லது உள்ளேயே புளித்து மூன்றாவது வாரம் வெடிக்கும்.

படி 5: நடுப்பகுதி, கருத்துச் சொல்வதும் காயம் ஆற்றுவதும்

குழுவுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டுங்கள்: இந்த அறையில் இப்போது நடந்ததைப் பற்றி மட்டும், தனக்கு என்ன தோன்றியது என்று மட்டும் சொல்வது. “நீங்க சுயநலவாதி” என்பது தீர்ப்பு. “நான் அழுதப்ப நீங்க வாட்சைப் பார்த்தீங்க, எனக்கு அவமானமா இருந்தது” என்றால் பேச இடமுண்டு. ஓர் அமர்வில் ஒருவரைப் பற்றி இரண்டு பேருக்குமேல் இப்படிச் சொல்ல விடாதீர்கள். முதல் வருடத்தில் இந்த எண்ணிக்கையைக் கறாராகப் பிடிக்கலாம், பிறகு அவரே “வேற யாருக்கும் அப்படி இருந்ததா?” என்று கேட்கத் தொடங்கினால் தளர்த்தலாம்.

அளவு மீறிவிட்டதன் அடையாளங்கள் உடம்பில் தெரியும்: காது சிவப்பது, உறைந்த புன்னகை, போனை எடுப்பது, தத்துவம் பேச ஆரம்பிப்பது, சம்பந்தமில்லாத ஒருவரை ஏளனம் செய்வது. கண்டதும் பேச்சை நிறுத்தி, காட்சியைப் பின்னோக்கி ஓட்டுங்கள்: “ரெண்டு நிமிஷம் முன்னாடி வரை சாதாரணமா இருந்தீங்க. யார் சொன்ன எந்த வார்த்தையில மாறுச்சு?” ஏளனத்தைத் திருத்துவதைவிட, ஏளனத்துக்கு ஒரு நொடி முன்பு என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. தன் ஆத்திரத்துக்கு முன் ஒரு காயம் இருக்கிறது என்று அவர் ஐந்தாறு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், ஏழாவது தடவை அவரே பாதிவழியில் நின்றுவிடக்கூடும்.

சிகிச்சையாளரே காயப்படுத்துவதும் நடக்கும். அவருக்குக் கிடைத்த பதவி உயர்வை மறந்துவிடுவீர்கள். இன்னொருவர் சொன்ன நகைச்சுவைக்கு அதிகமாகச் சிரிப்பீர்கள். கோஹட் வழிவந்தவர்கள் இந்த விரிசலும் அதைச் சரிசெய்வதும்தான் குணமாக்குகிறது என்பார்கள். “ஆமா, போன வாரம் நீங்க சொன்னதை நான் தவறவிட்டேன். அது பொருட்டே இல்லாத மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று குழு முன்னாலேயே சொல்லுங்கள். குட்டிக்கரணம் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டாம். தற்காப்புப் பேச்சும் வேண்டாம். பெரியவர் ஒருவர் தப்பை ஒத்துக்கொண்டும் சிறுமைப்படாமல் உட்கார்ந்திருப்பதை அவர் பார்ப்பது அநேகமாக அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பொறாமையைக் கடைசியில் தொடுங்கள். இன்னொருவர் அழும்போது வாட்சைப் பார்ப்பது, ஒருவரின் முன்னேற்றத்தைப் பாராட்டாமல் அறிவுரை சொல்வது எல்லாம் அதுதான். ஆனால் ஐந்தாவது மாதம் “உங்களுக்குப் பொறாமை” என்றால் கதவைச் சாத்திவிடுவார். “எல்லாரும் அவங்களையே கவனிக்கும்போது காத்திருக்கிறது கஷ்டமா இருக்கா?” என்று தொடங்கிப் பல மாதம் அந்த மட்டத்திலேயே இருங்கள். குழுவில் வேறொருவர் தன் பொறாமையை முதலில் ஒத்துக்கொள்ளும் நாள் வரும். அந்த வாசல் வழியாக அவரும் வருவார்.

ஒதுங்கிப் புண்படுபவரிடம் அணுகுமுறை வேறு. அவர் எதையும் கேட்கமாட்டார். கேட்காமலேயே தெரிந்துகொள்ளவில்லை என்று மனதுக்குள் எல்லோருக்கும் மதிப்பெண் குறைத்துக்கொண்டிருப்பார். அமர்வுக்கு ஒருமுறையாவது பெயர் சொல்லி அழையுங்கள், ஆனால் அம்பலப்படுத்தும் கேள்வி வேண்டாம். “அவங்க சொன்னதுல எது உங்களுக்கு நெருக்கமா இருந்தது?” போதும். தன்னைப் போலவே இன்னொருவர் என்று உணர்வது இவர்களுக்குப் புகழ்ச்சியைவிட அதிகம் பிடிப்பைத் தரும். அந்தப் பிடிப்பு வந்தபிறகுதான், ‘நான் சொல்லாமலே புரிஞ்சிக்கணும்’ என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிய கோரிக்கை என்று பேச முடியும்.

எங்கே கெட்டுப்போகிறது?

பலிகடா ஆக்குவதுதான் முதலிடம். எல்லோரும் ஒரே குரலில் பேசுவது, கருத்துகள் பெயரடைகளாகச் சுருங்குவது, வாய் திறக்காதவர்கள் திடீரென்று வீரமாவது இவை அறிகுறிகள். அப்போது குழுவைப் பார்த்துக் கேளுங்கள்: “இவர்மேல இருக்கிற கோபத்துல எவ்வளவு இந்த அறையில உருவானது, எவ்வளவு வேற இடத்திலிருந்து வந்தது?” ஒருவர் தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே முற்றுகை தளர்ந்துவிடும்.

அடுத்தது சிகிச்சையாளரின் சொந்த மனநிலை. சலிப்பு, ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்ற குன்றல், அவருடைய பாராட்டுக்கு ஏங்குவது, குழு அவரைத் தாக்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி. இந்தக் கடைசியைக் கவனியுங்கள். நேர்மையான எதிர்கொள்ளல் என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி பழிவாங்கல். அனுபவமுள்ள இன்னொரு சிகிச்சையாளரின் மேற்பார்வை இல்லாமல் இந்த நோயாளிகளை எடுக்காதீர்கள்.

வீட்டார் போன் செய்வார்கள். ‘நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க’ என்று தொடங்கும் எந்தத் தகவலையும் வாங்காதீர்கள். தனிச் சிகிச்சையும் உடன் நடந்தால், இரு சிகிச்சையாளர்களும் பேசிக்கொள்ள எழுத்தில் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் தனி அறை, குழுவைப் பற்றிப் புகார் சொல்லும் இடமாகிவிடும்.

பகட்டு இறங்கும்போது மனச்சோர்வு ஏறும். அதை முன்னேற்றம் என்று மகிழ்ந்துவிட்டுவிடக்கூடாது. வேலை, பதவி, மணவாழ்க்கை சரியும் வேளையில் இவர்களிடம் தற்கொலை எண்ணம் முன்னறிவிப்பில்லாமல் வரலாம். அழமாட்டார்கள், உதவியும் கேட்கமாட்டார்கள். நேரடியாகக் கேளுங்கள், அதே வாரம் தனியாகப் பாருங்கள், தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இடைப்பட்ட நேரத்துக்கு இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்களைக் கையில் கொடுங்கள். நார்சிசத்துக்கென்று மாத்திரை கிடையாது; கூடவே வரும் மனச்சோர்வுக்கு உண்டு.

எது முன்னேற்றம்?

‘உள்நோக்கு வந்துவிட்டது’ என்று அவரே அழகாகப் பேசினால் நம்பாதீர்கள். சிறு செயல்களைக் குறித்துவையுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா? போன வாரம் நித்யா சொன்ன ஸ்கேன் ரிப்போர்ட்டை ஞாபகம் வைத்துக் கேட்கிறாரா? காரணம் அடுக்காமல் ‘ஸாரி’ சொல்கிறாரா? வர முடியாத நாளில் தகவல் சொல்கிறாரா? காயப்பட்டு மீள முதலில் மூன்று வாரம் ஆனது, இப்போது ஒரே அமர்வில் நடக்கிறதா? ஒன்றரை, இரண்டு வருடத்துக்குமுன் இவை நிலைத்துநிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விடைபெறல்

திடீரென்று ‘சரியாகிடுச்சு, இன்னிக்குதான் கடைசி’ என்பது இவர்களுக்கே உரிய விலகல். தான் விடப்படுமுன் தானே விட்டுவிடுவது. ஒப்பந்தத்தின் மூன்று வாரத்தை இங்கேதான் நினைவூட்ட வேண்டும். திட்டமிட்ட விடைபெறலுக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் பழைய ஏளனம் திரும்பி வரும். சிகிச்சை வீணாகிவிட்டது என்று பதறாமல், பிரிவின் வலியாக அதை எடுத்துப் பேசுங்கள். கடைசி அமர்வில் பாராட்டு விழா நடத்தாதீர்கள், அவர் அதைத்தான் ஏற்பாடு செய்யப் பார்ப்பார். மற்ற ஒவ்வொருவரையும், விடைபெறுபவரிடமிருந்து தனக்குக் கிடைத்தது எது, கிடைக்காமல்போனது எது என்று இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்டு முடித்தபிறகே அவர் பதில் சொல்லலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த ஆளை அவருடைய நாற்காலியில் உட்காரவைக்க இரண்டு வாரமாவது பொறுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தனிச் சந்திப்புக்கு நாள் குறித்து அனுப்புங்கள்.